வளைவுக்குள் ஒரு சதுப்பு நிலம்

மழைக்காட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். நடந்ததைக் கேட்டவர்கள் தம்பி என்னை இழுத்துக்கொண்டு போனான் என்று நினைக்கிறார்கள். அவன் என்னை எங்கும் இழுத்துக்கொண்டு போனதில்லை.

தம்பி மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். "இவனுக்கு மேலயும் கீழயும்தான் தெரியும், பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது" என்று அவருடைய அம்மாவே சொல்வார். அந்த அம்மாதான் எங்கள் சம்பந்தி. கணவர் போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைத் தனியாகவே நடத்தி மகனை ஆளாக்கியவர். அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் குரல் நான்கு தெரு தாண்டும். சிரித்தால் பக்கத்தில் இருக்கிறவர் தோளில் ஓர் அடி விழும். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே எனக்கு அது விழுந்தது. அடுத்த முறை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் பெண்ணுக்கு நானும் அத்தை, மாமியாரும் அத்தை. அவள் கூப்பிட்டால் இரண்டு தலை திரும்பும். ஒரு வாரத்தில் நான் 'பெரிய அத்தை' ஆனேன். வயதில் மூத்தவள் என்பதால் ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டைத் தெருவில் இன்றும் சர்வேயர் வீடு என்றுதான் சொல்வார்கள். அப்பா வனத்துறையில் நில அளவையாளர். நான் அரசு வரைபட அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துத் தலைமை வரைவாளராக ஓய்வு பெற்றவள். மலையோ ஆறோ சாலையோ, என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். "எங்க வீட்டு ஆளுங்க போட்ட கோட்டை யாரும் அழிச்சுப் போட்டதில்ல" என்று கல்யாணப் பேச்சின்போது சம்பந்தியிடம் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல. எந்த வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று எடுக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்கு அத்தாட்சி அந்தக் காட்டில் இருந்தது. பூங்கா மிகப் பெரியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க நான்கு நாள் ஆகும் என்பார்கள். அதற்குள் போகும் முதல் பாதையை, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அப்பாவும் அவருடைய ஆட்களும் அளந்து வெட்டினார்கள். நுழைவாயிலிலிருந்து ஒரு மணி நேர நடையில் அந்தப் பாதை இடப்பக்கம் திரும்பி, பானையைச் சுற்றி வருவதுபோல் வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து மறுபடி நேராகிறது. வரைபடத்தில் அதற்கு 'சர்வேயர் வளைவு' என்று பெயர். மந்திரிகளுக்கே ஒரு சந்துதான் கிடைக்கிறது. எங்கள் அப்பாவுக்குக் காட்டில் ஒரு வளைவு கிடைத்தது. அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வரைபடத்தைப் புதிதாக வரையும் வேலை என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. பாதை ஏன் அப்படி வளைகிறது என்பதற்குப் பழைய தாளில் ஒரு குறிப்பும் இல்லை. மேடு இல்லை, ஆறு இல்லை. ஆனால் அப்பா காரணமில்லாமல் வளைக்கிறவர் அல்ல. அவ்வளவு மழை பெய்யும் காட்டில் ஒரு பாதை எதையோ சுற்றிக்கொண்டு போகிறதென்றால் அது சதுப்பு நிலமாகத்தான் இருக்க முடியும். வளைவுக்குள் சதுப்புக்குரிய நீலக் கோடுகளைப் போட்டேன், நடுநடுவே புல் குச்சத்தோடு. எதைப் போட்டாலும் ஓரத்தில் ஆதாரம் எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. 'சர்வேயரின் அளவைப் புத்தகப்படி' என்று எழுதினேன். அந்தப் புத்தகம் பூங்கா அலுவலகத்தில் எங்கோ இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்தாலும் அதுதான் எழுதியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாததால் பார்க்கவில்லை.

சம்பந்தியை அங்கே அழைத்துப் போய், வளைவின் தலைமாட்டில் நிறுத்தி, இது எங்கள் அப்பா பெயரில் நிற்கிற இடம் என்று சொல்வது என் திட்டம். "அங்க ஒரு விஷயம் இருக்கு சம்பந்தி. நேர்ல காட்டிச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். தம்பிக்கும் அவன் மகளுக்கும் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

வண்டியைச் சம்பந்திதான் ஓட்டினார். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

"மெதுவா போ, மெதுவா போன்னு நீ சொல்றது எனக்குக் கேக்குதுடா."

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா."

"சொல்லாததுதான் காதைப் பிளக்குது."

பின்னால் இருந்த எங்கள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அந்த வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நுழைவாயிலில் எங்கள் பெயர், வயது, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வழிகாட்டியாக வந்தாள். முழங்கால் வரை வரும் துணி உறைகளை ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தாள்.

"இத கால்ல மாட்டிக்கோங்க. அட்டை ஏறாது. ஏறினாலும் பயப்படாதீங்க, கொஞ்சம் ரத்தம் குடிச்சிட்டு அதுவே விழுந்துடும்."

"முப்பது வருஷமா ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்றார் சம்பந்தி. "என்கிட்ட குடிக்க மிச்சம் ஏதாவது இருந்தா குடிச்சிட்டுப் போகட்டும்."

உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் வெயில் என்பது மேலே எங்கோ நடக்கிற விஷயமாகிவிட்டது. நான் வாழ்நாள் முழுக்கக் காட்டைப் பச்சை மையால் சிறு சிறு வட்டங்களாக வரைந்தவள். நேரில் அதில் பச்சை குறைவு. அடிமரங்கள் சாம்பலும் கருப்பும் ஈரத் தவிட்டு நிறமுமாக இருந்தன. சில மரங்களின் வேர்கள் கதவுப் பலகைகளைப் போல நிமிர்ந்து, அதன் மறைவில் நான்கு பேர் நிற்கலாம் என்கிற அளவுக்கு விரிந்திருந்தன. மழை காலையிலேயே நின்றுவிட்டதாம். ஆனால் இலையிலிருந்து இலைக்கு இறங்கி எங்கள் தலைக்கு இப்போதுதான் வந்துகொண்டிருந்தது. சில்வண்டுகளின் இரைச்சல் திடீரென்று நிற்கும். நின்ற பிறகுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரியும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இதற்குள் நின்றுகொண்டு ஒரு மனிதர் திசை பிடித்துக் கோடு போட்டிருக்கிறார் என்று நினைத்தபோது என் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அக்கா, கல் வழுக்குது, கீழ பார்த்து நட" என்றான் தம்பி.

"நீ உன் கால பாரு."

ஒரு மணி நேரம் கழித்து 'சர்வேயர் வளைவு' என்று எழுதிய மரப்பலகை வந்தது. எல்லோரும் நின்றோம். நான் உடையின் மடிப்பைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தேன். அந்த ஒரு கணத் தாமதத்தில் வழிகாட்டிப் பெண் முந்திக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோங்க. இந்த இடத்துக்கு வந்தா யாரும் சிரிக்காம போனதில்ல. இதோ நேரா எதிர்ல, செடிய வெட்டி விட்டிருக்கற இந்தச் சந்து முனையில, மஞ்சள் கயிறு கட்டின மரம் தெரியுதா? நாப்பது அடி நடந்தா அங்க போயிடலாம். ஆனா பாதை இடது பக்கம் திரும்பி, முக்கால் மணி நேரம் சுத்திக்கிட்டு அந்த மரத்துக்குத்தான் வருது. ஏன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"நடுவுல ஏதாவது பள்ளமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பள்ளமும் இல்ல, மேடும் இல்ல. அந்தக் காலத்துல ஒரு சர்வேயர் திசைகாட்டிய வெச்சு இந்தப் பாதைய அளந்துக்கிட்டு வந்தாரு. இந்த இடத்துல மழை பிடிச்சிக்கிச்சு. அதுவரைக்கும் மழைன்னா தார்ப்பாய்தான் பிடிப்பாங்க. அவரு அந்த வாரம்தான் புதுசா ஒரு குடை வாங்கியிருந்தாரு. ஒரு ஆளை விட்டுத் தலைக்கு மேல பிடிக்கச் சொன்னாரு. குடைக்கம்பி இரும்பு. திசைகாட்டியில இருக்கறது காந்த முள். முள்ளு கம்பிப் பக்கம் கொஞ்சம் சாய, இவரும் கொஞ்சம் சாய, ஆளுங்க அந்தப் பக்கமே வெட்டிக்கிட்டே போனாங்க. மழை நின்னுது, குடைய மடக்கினாங்க, பாதை நேராயிடுச்சு. எவ்வளவு நேரம் மழை பெஞ்சுதோ அவ்வளவு நீளம் வளைவு."

சம்பந்தி சிரித்த சிரிப்பில் மேலே ஏதோ பறவை எழுந்து பறந்தது. "என்கிட்ட படிச்சிருந்தா அந்த மனுஷனுக்கு லைசன்ஸே கிடைச்சிருக்காது. நாப்பது அடிக்கு முக்கால் மணி நேரமா? வண்டிய விட்டு இறங்குய்யான்னு சொல்லியிருப்பேன்."

மாப்பிள்ளைகூடச் சிரித்தார். எங்கள் பெண் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். தம்பி தன் செருப்பு வாரைப் பார்த்தான்.

எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்தது. நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். கையில் புதுக் குடை. வருகிறவர்களிடமெல்லாம் அந்த நிமிர்வைக் காட்டி நான் பேசியிருக்கிறேன். அந்தக் குடை என் கண் முன்னால் விரிந்தது.

"சம்பந்தி, இங்கதானே ஏதோ சொல்றேன்னீங்க?" என்றார் சம்பந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"மரமெல்லாம் பெருசா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகள் முகத்தை. சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் பேசவேண்டும் என்று நான் விரும்பினேன்.

"முழங்கால் வலி இருக்கறவங்க குறுக்கு வழியா போயிடலாம். அந்தப் பக்கம் ஓய்வுக் கொட்டகை இருக்கு" என்றாள் வழிகாட்டிப் பெண்.

"எனக்கு முழங்கால் வலி" என்று தம்பி உடனே சொன்னான். காலையில் வண்டிக்கு ஓடி வந்தவன் அவன்.

நான் வளைவுக்குள் நடந்தேன். அப்பா நடந்த வழி. தப்பான வழி என்றாலும் அவர் நடந்த வழி. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

சொல்லப்போனால் அன்று நடந்ததிலேயே அழகான பகுதி அதுதான். ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பாதை முழுக்கப் பாசி மெத்தை விரித்திருந்தது. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் பொத்தான் அளவு ஆரஞ்சு நிறக் காளான்கள் வரிசையாக முளைத்திருந்தன. இருவாச்சி ஜோடி ஒன்று தலைக்கு மேல் போனது. அதன் இறக்கைச் சத்தம், யாரோ பெரிய போர்வையை உதறுவதுபோல் இருந்தது. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். எங்கள் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மனது சரியாக இருந்திருந்தால் நானும் அங்கே நின்றிருப்பேன்.

பாதி தூரத்தில் ஒரு பலகைப் பாலம் வந்தது. நல்ல கெட்டி மரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. சுமார் அறுபதடி நீளம். அதற்குக் கீழே தண்ணீர் இல்லை, சேறு இல்லை. காய்ந்த இலைகளும் கெட்டித் தரையும்தான். ஓர் உடும்பு அடியில் சாவகாசமாக நடந்து போனது.

"இது எதுக்கு?" என்று எங்கள் பெண் கேட்டாள்.

"மேப்ல இங்க பாதை ஓரம் வரைக்கும் சதுப்பு நிலம்னு போட்டிருக்கு. மேப்ப பார்த்து மேலிடத்துல பாலம் போட உத்தரவு வந்துடுச்சு. சதுப்பே இல்லைங்கன்னு இங்க இருக்கறவங்க எழுதினாங்களாம். மேப்ல இருக்கேன்னு பதில் வந்துச்சாம். அதனால காஞ்ச தரையில பாலம் நிக்குது. கால் நனையாம போலாம், வாங்க."

எல்லோரும் பாலத்தின் மேல் நடந்தார்கள். நான் பக்கத்தில் இறங்கித் தரையில் நடந்தேன். குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எங்கேயாவது ஓர் இடத்தில் கால் இறங்காதா என்று இருந்தது. சிமெண்ட் தரை மாதிரி இருந்தது.

முதல் அச்சுப் பிரதி வந்த அன்று அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது அவர் படுக்கையில் இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீலக் கோடுகளின் மேல் விரலை வைத்தார். "இது என்ன?" என்றார். "சதுப்புப்பா" என்றேன். "யார் சொன்னா?" என்றார். "வளைவே சொல்லுதே" என்றேன். தாளை மடித்து என் கையில் கொடுத்து, "ஒரு தடவ நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்றார். வயதானவர் தன் காட்டை மகள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். போகலாம், போகலாம் என்றே முப்பத்தொன்பது வருஷம் போய்விட்டது. அவர் அந்தப் பிரதி வந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

வளைவு முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஓய்வுக் கொட்டகை. நான்கு பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஏதோ ஒரு தாள். அந்தச் சட்டத்துக்கு முதுகைக் கொடுத்துத் தம்பி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கைகளை வேறு அகல விரித்துக்கொண்டான்.

"உட்காரலியா?" என்றேன்.

"நின்னா முழங்காலுக்கு நல்லது."

"தள்ளு."

"அக்கா, வேணாம்."

"தள்ளுடா."

தள்ளினான். சட்டத்துக்குள் அளவைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டு என் பெயர் எழுதிக் கொடுத்த கை தெரிந்தது. சாய்வே இல்லாத எழுத்து. மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"'இன்று பதினோரு மணி முதல் மூன்று மணி வரை கடும் மழை. கருவி நனையாதிருக்க என் உத்தரவின்படி பணியாள் குடை பிடித்தார். அதன் கம்பிகள் இரும்பு என்பதை நான் கருதத் தவறினேன். பாதை வளைந்து புறப்பட்ட இடத்தருகே வந்து சேர்ந்தது. வளைவுக்குள் நிலம் காய்ந்தும் கெட்டியாகவும் உள்ளது. காரணமாகக் காட்டத்தக்க தடை எதுவும் இல்லை. தவறு என்னுடையது. பணியாளர் எவர் மீதும் குறை இல்லை.'"

யாரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேர்மையா எழுதியிருக்காரு பாருங்க" என்றாள் வழிகாட்டிப் பெண். "ஆனா பாவம், கடைசி வரைக்கும் அந்த நேர்மை நிக்கல. பிற்பாடு மேப் அச்சாகும்போது வெக்கமா போச்சு போல. சதுப்பு இருந்துச்சுன்னு சொல்லிப் போட வெச்சிட்டாரு. மேப் ஓரத்துலயே பொடி எழுத்துல இருக்கு, சர்வேயரின் அளவைப் புத்தகப்படின்னு. புத்தகத்துல ஒண்ணு, மேப்ல ஒண்ணு. இத நாங்க எல்லா குரூப்புக்கும் சொல்லுவோம். தப்ப ஒத்துக்கிட்டவரும் பேரு கெடும்னு வந்தா பொய் சொல்லுவாருன்னு."

இதைத் தினம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். எத்தனை வருஷமாக. தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு நீலக் கோட்டைப் பற்றித் தெரியாது. அந்த வரைபடத்தை வரைந்தது நான் என்பது தெரியும், அவ்வளவுதான். அங்கே நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். குடை பிடித்ததற்கு அப்பா பொறுப்பு. பொய்க்கு யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து யாரும் எழுந்து வந்து சொல்லப்போவதில்லை. என் பெயர் சுத்தமாக இருந்திருக்கும். அவர் பெயர்தான் அப்படியே கிடந்திருக்கும்.

"அவர் பொய் சொல்லல" என்றேன்.

"மேப்லயே இருக்கும்மா."

"மேப்ல அத எழுதினது நான். அவர் எங்க அப்பா. நான் தலைமை வரைவாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. சதுப்புன்னு அவர் சொல்லவும் இல்ல, எழுதவும் இல்ல. இந்தப் புத்தகத்தப் பார்க்காமலே இதுல இருக்குன்னு எழுதினேன். எங்க அப்பா காரணம் இல்லாம வளைக்க மாட்டாருன்னு நானே ஒரு காரணத்த வரைஞ்சு வெச்சேன். நேர்ல போய்ப் பாருன்னு அவர் சொன்னாரு. நான் போகல. இனிமே யார்கிட்டயும் அவர் பொய் சொன்னாருன்னு சொல்லாத. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லு."

கொட்டகைக் கூரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வழிகாட்டிப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "மன்னிச்சிடுங்கம்மா, எனக்குத் தெரியாது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? உட்காரு" என்று சொல்லி நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சம்பந்தி மெதுவாக எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு அந்தப் பலகைகிட்டயே புரிஞ்சு போச்சு, உங்க அப்பாதான்னு. லைசன்ஸ் அது இதுன்னு உளறிட்டேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டே இவ்வளவு தூரம் வந்தேன். இன்னும் வலிக்குது."

"நீங்க சொன்னது சரிதான். கிடைச்சிருக்காது."

"என் முதல் மாணவர் யாரு தெரியுமா? என் வீட்டுக்காரர். தெருமுனையில இருந்த தபால்பெட்டிய இடிச்சு சாய்ச்சாரு. பெட்டி குறுக்க வந்துச்சுன்னு நான் போலீஸ்கிட்ட சொன்னேன்."

"தபால்பெட்டியா குறுக்க வந்துச்சு?"

"அவர் காரணம் இல்லாம இடிக்க மாட்டாரே."

நான் சிரித்துவிட்டேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எங்கள் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு அத்தையும் சேர்ந்து சிரிச்சு இப்பதான் பார்க்கறேன்" என்றாள்.

தம்பி ஒரு மூலையில் நின்று சட்டத்துக்குள் இருந்ததைத் திரும்பவும் வாசித்துக்கொண்டிருந்தான். "அக்கா, பணியாளர் எவர் மீதும் குறை இல்லைன்னு எழுதியிருக்காரு பாரு" என்றான். "குடை பிடிச்ச ஆளுக்கு வேலை போயிருக்கும், இல்லைன்னா."

"போயிருக்கும்" என்றேன். அது எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

வழிகாட்டிப் பெண்ணிடம் தாள் கேட்டேன். தன் பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். நடந்ததை ஏழு வரியில் எழுதி, பதவியும் ஓய்வு பெற்ற வருஷமும் போட்டுக் கையெழுத்திட்டேன். வரைபட அலுவலகத்துக்கும் தனியாக எழுதுவதாகச் சொன்னேன். இந்தத் தாளையும் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டலாமா என்று அவள் கேட்டாள். மாட்டு என்றேன். பாலத்தை என்ன செய்வது என்று கேட்டாள்.

"இருக்கட்டும். நல்ல பாலம்" என்றார் மாப்பிள்ளை. "ஆணி ஒண்ணுகூட ஆடல." அன்று அவர் தானாகப் பேசிய பேச்சு அதுதான்.

பிறகு பசி தெரிந்தது. அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தோம், பிளாஸ்கில் தேநீர். சம்பந்தி முட்டையை உரித்து உரித்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லச் சொல்ல வைத்தார். ஒரு சிறு பட்டாம்பூச்சிக் கூட்டம் தண்ணீர்த் தொட்டியின் ஈரத்தில் வந்து உட்கார்ந்தது. என் உறையைத் தாண்டி ஓர் அட்டை ஏறிக் குடித்துவிட்டு விழுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வலிக்கவே இல்லை.

நாங்கள் கிளம்பத் தயாரானபோது ஒரே நிறத் தொப்பி போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் வளைவிலிருந்து வெளியே வந்தார்கள். மருந்துக் கடைக்காரர்கள் சங்கமாம். அவர்களுடைய வழிகாட்டி ஒரு வயதானவர். கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு, "இந்தப் பக்கத்தப் படிச்சீங்களா? இதுல ஒரு வேடிக்கை இருக்கு" என்று ஆரம்பித்தார். எங்கள் பெண்ணுடைய கை என் கையை வந்து பிடித்தது. எங்கள் வழிகாட்டிப் பெண் வேகமாகப் போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி என்னைப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

"தொப்பிய போடுங்க. தண்ணி சொட்டுது" என்றேன். "நான் சொல்றேன்."

சட்டத்தின் பக்கத்தில் போய் நின்றேன். என் அப்பா யார் என்பதிலிருந்து தொடங்கினேன். புதுக் குடையை அவர் எவ்வளவு ஆசையாக வாங்கினார் என்று சொன்னேன். அது எனக்குத் தெரிந்திருந்தது, வழிகாட்டிகளுக்குத் தெரியாது. அந்தக் குடையை வீட்டுக்குள்ளேயே இரண்டு தரம் விரித்துக் காட்டியதையும் சொன்னேன். மழை பிடித்த இடத்தையும் முள் சாய்ந்ததையும் கையால் காற்றில் வளைத்துக் காட்டினேன். குடையை மடக்கியதும் பாதை நேரான இடத்துக்கு வந்தபோது மருந்துக் கடைக்காரர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சம்பந்தியின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சதுப்பு நிலத்துக்கு வந்தேன்.